ஐயாவின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது: வீட்டார் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

மூளைக் கொடை என்று சொன்னவுடன் செட்டிநாட்டுப் பக்கத்தில் பலருக்கும் மூளைச்சாவுதான் நினைவுக்கு வருகிறது. சாலை விபத்து, மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, சிறுநீரகம் ஒருவருக்கு, கல்லீரல் இன்னொருவருக்கு, இறுதிச் சடங்கில் அரசு மரியாதை. உறுப்புக் கொடையாளர்களுக்கு அந்த மரியாதை உண்டு என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த பிறகு, ஊர்ப்புறத்திலும் இதைப் பற்றித் தயங்காமல் பேசுகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் மூளைக் கொடை முற்றிலும் வேறு.

இறந்தவரின் உறுப்புக் கொடைக்கு, பெரும்பாலும், மூளை செயலிழந்த பிறகும் கருவியின் துணையோடு இதயம் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் மருத்துவமனையில் இறப்பவர்களில் மிகச் சிலரால்தான் அதைச் செய்ய முடிகிறது. மூளைக் கொடைக்கு அந்த நிபந்தனை கிடையாது. எண்பத்தைந்து வயதில், சொந்த வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தவரும் மூளையைக் கொடுக்கலாம். அப்படி எடுக்கும் மூளையை யாருக்கும் பொருத்துவதில்லை; அப்படி ஒரு சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. அது ஆய்வுக்குப் போகிறது. பத்திரமாக வாங்கி வைத்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் இடத்துக்கு மூளை வங்கி என்று பெயர். நமக்குத் தெரிந்த பெரிய மூளை வங்கி, மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் பெயர்பெற்ற பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது, டாக்டர் எஸ்.கே. சங்கரின் முயற்சியால் 1995-ல் தொடங்கியது. சென்னை ஐஐடியிலும் 2022 முதல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இயங்குகிறது. மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் செல்லாகப் பார்க்கும் அளவுக்குப் படமெடுக்கிறார்கள். கருப்பருவச் சிசுக்களின் மூளைகளை அப்படிப் படமாக்கிய 5,132 சீவல்களை 2024 டிசம்பரில் 'தாரணி' என்ற பெயரில் உலகம் முழுவதும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டார்கள்.

ஸ்கேன் இருக்கும்போது மூளையே எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை சுருங்கியிருப்பது தெரியும், அடைப்பும் கட்டியும் தெரியும். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. நோய் அவற்றுக்குள்ளேயும் இடையிலும் என்ன செய்திருக்கிறது என்பதைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துத்தான் முழுமையாகப் பார்க்க முடியும். தெருவில் நின்று வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே இரண்டாம்கட்டில் எந்தத் தூண் செல்லரித்திருக்கிறது என்று சொல்ல முடியாதே, அதைப் போலத்தான்.

வரலாறும் இதையே சொல்கிறது. பிராங்க்ஃபர்ட்டில் மறதி நோயோடு இருந்த ஆகஸ்ட் டீட்டர் என்ற பெண் 1906-ல் இறந்தார். அவருடைய மூளையை முனிச்சில் இருந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமருக்கு அனுப்பினார்கள். அதில் அவர் கண்ட படிவுகளும் முடிச்சுகளும்தான் இன்று அல்சைமர் நோய் என்று நாம் சொல்வதன் அடையாளம். அந்தத் திசுக்கள் இருந்த கண்ணாடித் தகடுகளை 1990-களில் மறுபடியும் தேடியெடுத்து ஆராய்ந்தார்கள். ஒருவரின் மூளைத் திசு எவ்வளவு காலம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொன்று நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளை வியன்னாவில் ஹோர்னிக்கீவிச் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் சோதித்து, டோபமைன் என்ற வேதிப்பொருள் அவற்றில் மிகவும் குறைந்திருப்பதை 1960-ல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே லெவோடோபா என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கை நடுங்கும் ஐயாவுக்குக் காலையில் மணி பார்த்து நீங்கள் கொடுக்கும் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். யாரோ முகம் தெரியாதவர்களின் மூளைகள் ஆய்வுக்குக் கிடைத்ததால் நம் பெரியவர்களால் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள முடிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. ஆனால் மூளைத் திசு ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாட்டவரின் மூளைகளை வைத்துச் செய்யப்பட்டவை. நம் மக்களின் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உணவு, மரபணு எல்லாம் சேர்ந்து மூளையை என்ன செய்கின்றன என்பதை நம் மக்களின் மூளைதான் சொல்ல வேண்டும். நோயே இல்லாத மூளையும் தேவை. எது நோயால் வந்த மாற்றம், எது முதுமையால் வந்த மாற்றம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது. ஆகவே "அவருக்குத்தான் ஒன்றும் இல்லையே, அவர் மூளை எதற்கு?" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கையெழுத்துப் போடுவது யார்?

உயிரோடு இருக்கும்போதே ஐயா உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம். போட்டிருந்தால் மிகவும் நல்லது. ஆனால் அவர் மூச்சு நின்ற பிறகு நெருங்கிய உறவினரின் சம்மதத்தையும் மருத்துவர்கள் கேட்பார்கள். வீட்டார் வேண்டாம் என்றால் நடைமுறையில் அது அங்கேயே நின்றுவிடும். அதாவது அவருடைய ஆசை நிறைவேறுவது மனைவி, மக்கள் கையில் இருக்கிறது. அதுவும் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான முதல் சில மணி நேரத்தில்.

அந்த நேரத்தில் நம் வீடுகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சங்கு ஊதியாகிவிட்டது. பங்காளிகள் வந்துவிட்டார்கள். பட்டாலையில் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறியிருக்கிறான், மகள் பெங்களூரிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறாள். பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். அப்போது மருமகள் எழுந்து "மாமாவின் மூளையைக் கொடுப்பதாகப் பேசியிருந்தோம்" என்று முதல்முறையாகச் சொன்னால், அது அந்தக் கூட்டத்தில் எடுபடாது. "என்னம்மா பேசுகிறாய்" என்று ஒரு பெரியவர் குரல் உயர்த்தினால் போதும், எல்லாம் முடிந்தது. குற்றம் அந்தப் பெரியவருடையதும் இல்லை. அவரிடம் யாரும் முன்பே சொல்லவில்லை.

ஆகவே படிவத்தைவிட முக்கியமானது பேச்சு. யாரிடம் பேசுவது என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருக்கும் மகன், ஆண்டுக்கு ஒரு தடவை வரும் தம்பி, ஆச்சியின் பிறந்த வீட்டு மாமா, பங்காளிகளில் மூத்தவர் என்று, துக்க வீட்டில் யார் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்களோ அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். கோயில் படைப்போ திருமணமோ எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டும் நாட்களில், சாப்பாடு முடிந்து வளவில் உட்கார்ந்திருக்கும் வேளை இதற்கு ஏற்றது. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் சாவைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றலாம். முடிந்தால் மறுநாள் பேசுங்கள். ஆனால் அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் பேசிவிடுங்கள்.

இதைச் சொல்ல மிகவும் பொருத்தமானவர் கொடுக்கப்போகிறவரே. என் பெரியப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். மறதி நோயின் தொடக்கத்திலேயே, நினைவு தெளிவாக இருந்த நாட்களில், "எனக்கு என்ன வந்தது என்று யாராவது பார்த்துச் சொல்லட்டும், பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும்" என்று தம் வாயாலேயே எல்லோரிடமும் சொன்னார். நாங்கள் அதைத் தொலைபேசியில் காணொளியாகவும் எடுத்து வைத்துக்கொண்டோம். பிறகு அவருக்கு எங்கள் பெயரே மறந்துபோயிற்று. மறதி நோயில் இது மிக முக்கியம்: முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நோய் முற்றிய பிறகு கேட்டால், அவர் தலையசைத்தாலும் அது சம்மதம் ஆகாது.

பெரியவர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகள்

பெரியப்பாவின் மனைவி பெரியத்தா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "தலையை மொட்டை அடித்துவிடுவார்களா?" என்பதுதான். மறுபிறவி, மோட்சம் என்று பெரிய வாதங்களுக்கு நாங்கள் தயாராக இருந்தோம். அவருக்கு வேண்டியிருந்தது கணவரின் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும். ஆகவே என்ன செய்வார்கள் என்பதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். பொதுவாகத் தலையை மழிப்பதில்லை. முடியை வகிர்ந்து, ஒரு காதின் பின்புறத்திலிருந்து உச்சியின் பின்பக்கமாக மறு காதின் பின்புறம் வரை தோலில் கீறுவார்கள். மண்டையோட்டின் மேல்பகுதியை எடுத்து, மூளையை வெளியே எடுத்த பிறகு ஓட்டை மறுபடி அதே இடத்தில் வைத்துத் தோலைத் தைத்துவிடுவார்கள். முகத்தில் வெட்டு எதுவும் இல்லை. நெற்றியில் திருநீறு பூசலாம், குங்குமம் வைக்கலாம், மாலை போடலாம், எல்லோரும் முகம் பார்க்கலாம். முடி அடர்த்தியாக இருப்பவருக்குத் தையல் தெரியவே தெரியாது. வழுக்கைத் தலையாக இருந்தால் பின்பக்கம் தெரியும், தலையணையில் படுத்திருக்கும்போது அதுவும் மறைந்துவிடும்.

ஆனால் ஒரு சடங்கில் தையல் கண்ணில் படும், கையிலும் படும். உடலை நீராட்டும்போது தலையில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்ப்பது நம் வழக்கம். யார் நீராட்டுவார்களோ அவர்களிடம் முன்பே சொல்லிவைக்காவிட்டால், விரலில் தையல் தட்டுப்பட்டதும் அவர்கள் பதறிவிடுவார்கள். அந்தப் பதற்றம் ஆண்டுக்கணக்கில் பேச்சாக நிற்கும். எண்ணெயை உச்சியில் தொட்டு வைத்தால் போதும். சீயக்காயைத் தேய்க்காமல், நீரைக் கையில் ஏந்தி மெதுவாக ஊற்றலாம். தையல் வழியாகச் சிறிது நீர் கசியக்கூடும். தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வைத்து, துடைத்த பிறகு பஞ்சு வைத்து ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. கோடி போடுவது, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், காடாற்று என்று மற்றவை எதிலும் ஒரு மாற்றமும் இல்லை.

"மூளை இல்லாமல் எரித்தால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பாரோ?" என்று கேட்பவர்கள் உண்டு. சிரித்துவிடாதீர்கள். அன்பினால் வரும் பயம் அது. நான் சொல்லும் பதில் இதுதான்: சுடுகாட்டில் நாம் எல்லாவற்றையும்தான் நெருப்புக்குக் கொடுக்கிறோம், அதனால் யாருக்கும் குறை வந்ததாக நம் முன்னோர் சொல்லவில்லை. அப்படியும் மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்துவது முறையல்ல. வாழ்நாள் முழுவதும் கூட வாழ்ந்தவரை அழ அழச் சம்மதிக்க வைத்துப் பெறும் கொடையை எந்த மூளை வங்கியும் விரும்பாது. வீட்டுக் குருக்களிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுத் தெளியட்டும், நேரம் கொடுங்கள். பெங்களூருக்குப் போகும் வாய்ப்பிருந்தால் நிமான்ஸ் மூளை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். எடை பொதுவாக ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள். பயத்தோடு உள்ளே போன பலர் வியப்போடு வெளியே வருகிறார்கள்.

இன்னொரு பயம், அவருடைய நினைவுகளை, ரகசியங்களைப் படித்துவிடுவார்களோ என்பது. அப்படிப் படிக்கும் வழி அறிவியலில் கிடையாது. பெயரையும் வெளியிடுவதில்லை, திசுவுக்கு ஓர் எண் கொடுக்கப்படும், ஆய்வாளருக்கு அந்த எண்ணும் வயதும் நோய் விவரமும்தான் தெரியும். பொதுவாக ஒரு பகுதியைப் பார்மலின் என்ற திரவத்தில் பதப்படுத்துவார்கள், மற்றொன்றைச் சீவல்களாக்கி மைனஸ் 80 டிகிரி குளிரில் உறைய வைப்பார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கின்றனவா என்றும் சோதிப்பார்கள். கொடுத்ததைப் பின்னால் திருப்பிக் கேட்டுத் தகனம் செய்வது பொதுவாக இயலாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்காக யாரும் குடும்பத்துக்குப் பணம் தரமாட்டார்கள். தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

தூரமும் நேரமும்

இதுதான் நமக்கு உண்மையான சிக்கல். மூச்சு நின்றதிலிருந்து மூளைத் திசு சிதையத் தொடங்குகிறது. பெரும்பாலான மூளை வங்கிகள் 24 மணி நேரத்துக்குள் எடுக்க விரும்புகின்றன. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காரைக்குடியிலிருந்து பெங்களூரு 400 கிலோமீட்டருக்கு மேல். உடலை அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரிப்பட்டு வராது. ஆகவே பதிவு செய்யும்போதே மூளை வங்கியிடம் நேராகக் கேளுங்கள்: எங்கள் ஊரில் இறப்பு நேர்ந்தால் மூளையை எடுப்பது யார், எந்த மருத்துவமனையில், எடுத்ததை எப்படிக் கொண்டுசெல்வீர்கள், வண்டிச் செலவு யாருடையது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றனவே என்று நாமாகவே கணக்குப் போட்டுவிடக் கூடாது. பெரியவர் சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளைகளோடு இருக்கிறார் என்றால் வேலை மிகவும் எளிது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் உடலை வைத்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்த இடைவெளி மூளைக் கொடைக்கு உதவியாகவே இருக்கிறது, வரிசையை மாற்றிக்கொண்டால். மருத்துவர் வந்து இறப்பை உறுதி செய்தவுடன் முதல் அழைப்பு மூளை வங்கிக்கு. உறவினர்களுக்குச் சொல்வது அதற்குப் பிறகு. மூளை வங்கியினர் சொல்லும்வரை உடல் குளிர்பெட்டியில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் இது கட்டாயம். உடலைப் பதப்படுத்தும் மருந்து எதையும் அதற்குமுன் ஏற்றக் கூடாது. எடுப்பதற்குச் சில மணி நேரம்தான் ஆகும், பிறகு உடல் வீட்டுக்கு வந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து மகன் வந்து சேரும்போது ஐயா வழக்கம்போல முகப்பில் கிடத்தப்பட்டிருப்பார்.

எங்கள் வீட்டில் மூளை வங்கியின் தொலைபேசி எண், குடும்ப மருத்துவரின் எண், பதிவு எண் மூன்றையும் கெட்டியான அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பெரியப்பாவின் மருந்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். பீரோவுக்குள் வைத்தால் அந்த நேரத்தில் சாவி கிடைக்காது. அழைக்க வேண்டியவர் யார் என்று ஒருவரை நியமித்து, அவர் ஊரில் இல்லையென்றால் யார் என்று இன்னொருவரையும் முடிவு செய்திருக்கிறோம். அருகிலேயே இருந்து துயரில் மூழ்கிவிடக்கூடிய மனைவியை அந்தப் பொறுப்பில் வைக்காதீர்கள். நிதானமான மருமகனோ அண்ணன் மகளோ நல்லது.

விபத்தோ சந்தேகத்துக்குரிய மரணமோ என்றால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முதலில் நடக்கும்; அப்போது குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது. அந்தச் சூழலிலும் வழி இருக்கிறது. பிரேதப் பரிசோதனையின்போது குடும்பங்கள் சம்மதித்துக் கொடுத்த மூளைகள் நிமான்ஸ் வங்கிக்குப் பெரிய வரவாக இருந்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலையும் கொடுப்பதாக ஏற்கெனவே எழுதிவைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: மூளை எடுத்த உடலைக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுங்கள். கண்கொடைக்கு அந்தத் தடை பொதுவாகக் கிடையாது. ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும், அதனால் கண் வங்கிக்கு உடனே சொல்லுங்கள். தூரமோ நேரமோ ஒத்துவராமல் மூளைக் கொடை கைகூடாமல் போனாலும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் வங்கி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொடுக்க நினைத்தவர் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

முடிவு வந்த பிறகு

மூளையை ஆராய்ந்து என்ன நோய் இருந்தது என்று எழுதிய அறிக்கையைக் கேட்கும் குடும்பங்களுக்குப் பெரும்பாலான மூளை வங்கிகள் கொடுக்கின்றன. சில மாதங்கள் ஆகும். உயிரோடு இருந்தபோது அல்சைமர் என்று சொன்னது வேறு நோயாக இருக்கலாம். முதியவர்களின் மூளையில் இரண்டு மூன்று நோய்கள் கலந்திருப்பதும் மிகச் சாதாரணம். "நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ" என்று உறுத்திக்கொண்டிருந்த மகளுக்கு, மூளை எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்தது என்று தெரிவதே பெரிய ஆறுதல். சில நேரம் அந்த அறிக்கை பரம்பரையாக வரக்கூடிய நோயைச் சுட்டும். அது பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தொடுகிற செய்தி. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அறிக்கை யார் பெயருக்கு வர வேண்டும், யார் யாருக்குச் சொல்லப்பட வேண்டும், தெரிந்துகொள்ள விரும்பாதவர் யார் என்பதையும் சம்மதப் பேச்சு நடக்கும் அதே நாளில் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார், இளைய மகன் வேண்டவே வேண்டாம் என்றார். அறிக்கை மூத்தவர் பெயருக்கு மட்டும் வரும்படி எழுதிக் கொடுத்தார்கள். மனம் மாறினால் பதிவைத் திரும்பப் பெறவும் கொடுப்பவருக்கு எப்போதும் உரிமை உண்டு; அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மூளை வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.